ஏர்பேக் லைட் அணைந்தால் ரிப்பேர் முடிந்தது என்று நம்பாதீர்கள்

ஏர்பேக் கண்ட்ரோல் யூனிட் (மோதும்போது ஏர்பேக்கை விரியவைக்கும் மின்னணுப் பெட்டி) போய்விட்டது என்று சொல்லி யாராவது பெரிய பில்லை நீட்டினால், பணத்தை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் காரில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது டேஷ்போர்டில் ஏர்பேக் லைட் வர ஆரம்பித்தது. கூடவே ஹார்ன் சில நேரம் அடிக்கும், சில நேரம் அடிக்காது. இரண்டையும் சேர்த்தே ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன். தொழில் தெரிந்தவருக்கு இது போதும். ஸ்டீயரிங்குக்கு அடியில் கிளாக் ஸ்பிரிங் என்று ஒன்று இருக்கிறது. ஒரு வட்ட டப்பாவுக்குள் சுருட்டி வைத்த பட்டையான ஒயர். ஸ்டீயரிங் எவ்வளவு சுற்றினாலும் ஏர்பேக்குக்கும் ஹார்னுக்கும் இணைப்பு அறாமல் இருப்பது அதனால்தான். அந்தப் பட்டை உள்ளே விண்டுபோனால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே மக்கர் பண்ணும்.

ஆனால் அங்கே ஸ்கேனரை மாட்டிவிட்டு, திரையைக் கூட என் பக்கம் திருப்பாமல், "யூனிட் அவுட் சார், கழற்றி ரிப்பேருக்கு அனுப்பணும்" என்றார்கள். சில நாளில் வண்டி வந்தது. லைட் எரியவில்லை. பில்லில் 'கண்ட்ரோல் யூனிட் ரிப்பேர்' என்று எழுதியிருந்தது. ஹார்னைக் கேட்டதற்கு, அது வேறு வேலை என்றார்கள்.

அந்த ஹார்னுக்காக வேறொரு மெக்கானிக்கிடம் போனதால்தான் விஷயம் வெளியே வந்தது. கிளாக் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது என்று பார்த்ததுமே சொல்லிவிட்டார். அப்புறம் அவரே, "இது அறுந்திருந்தால் ஏர்பேக் லைட் எரிந்தே ஆகணுமே, ஏன் எரியல?" என்று யோசித்தார். பேட்டரியைக் கழற்றி, யூனிட்டுக்குள் தேங்கியிருக்கும் மின்சாரம் இறங்கும்வரை காத்திருந்து, ஸ்டீயரிங் தண்டுக்கு அடியில் உள்ள கவரைத் திறந்தார். ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் கனெக்டர் கழன்று தொங்கியது. யூனிட்டுக்குப் போகும் இரண்டு ஒயருக்கும் நடுவே ஒரு சின்ன ரெசிஸ்டர் (மின்தடை கொடுக்கும் சின்னத் துண்டு), மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

யூனிட் எப்படிச் சோதிக்கிறது என்று தெரிந்தால் இந்தத் திருட்டுத்தனம் புரியும். அது அடிக்கடி மிகச் சிறிய மின்சாரத்தை விட்டு ஒவ்வொரு ஏர்பேக் சர்க்யூட்டின் ரெசிஸ்டன்ஸையும் அளக்கும். பெரும்பாலும் அது இரண்டு ஓம் அளவில் இருக்கும். அந்த இடத்தில் அதே மதிப்பில் ஒரு ரெசிஸ்டரை வைத்துவிட்டால், ஏர்பேக் இருக்கிறது என்றே யூனிட் நினைத்துக்கொள்ளும். லைட் அணைந்துவிடும். மோதினால் டிரைவர் ஏர்பேக் விரியாது. நானும் என் வீட்டில் உள்ளவர்களும் அந்த ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துதான் ஓட்டிக்கொண்டிருந்தோம். இதை ஏமாற்று என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

சரி, யூனிட்டையாவது தொட்டார்களா என்று கியருக்குப் பக்கத்துக் கன்சோலையும் திறக்கச் சொன்னேன். யூனிட் மேலும் அதன் போல்ட் தலைகள் மேலும் தூசி ஒரே படலமாகப் படிந்திருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை.

போட்டோவையும் ரெசிஸ்டரையும் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "லைட் அணைஞ்சிடுச்சு இல்ல சார், அப்புறம் என்ன?" என்பதுதான் பதில். பணம் திரும்பி வரவில்லை. புதிய கிளாக் ஸ்பிரிங் மாட்டி, ஏர்பேக்கை மறுபடி இணைத்து, யூனிட்டில் பதிவான பழுதுக் குறியீடுகளை அழித்த பிறகு எல்லாம் சரியாக இருக்கிறது. யூனிட் முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

யூனிட் பழுதாகவே ஆகாது என்று சொல்லவில்லை. தண்ணீர் புகுந்தால் கெடும். விபத்தில் ஏர்பேக் விரிந்திருந்தால், மோதிய பதிவு அதற்குள் தங்கிவிடும். அப்போது பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் லைட் எரிவதற்கு சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டர் தளர்ந்தது, கிளாக் ஸ்பிரிங், பேட்டரி வோல்டேஜ் இறங்கியது என்று சின்னக் காரணங்களும் நிறைய உண்டு. அதனால் ஸ்கேன் ரிப்போர்ட்டை வேலைக்கு முன்பும் பின்பும் கேட்டு வாங்குங்கள். எந்த சர்க்யூட், இப்போது இருக்கும் பழுதா, பழைய பதிவா என்று அதில் இருக்கும். காரில் செருகிப் பழுதைப் படிக்கும் மலிவான ஓபிடி கருவிகள் பல, இன்ஜின் பழுதுக் குறியீடுகளை மட்டும்தான் படிக்கும்; அதில் ஒன்றும் காட்டவில்லை என்பதை நம்ப வேண்டாம். வீட்டில் இருக்கும் மல்டிமீட்டரை ஏர்பேக்கில் வைத்து அளந்து பார்க்கவே பார்க்காதீர்கள், அந்த மின்சாரத்திலேயே வெடிக்கலாம்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் லைட் சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பையே பிடுங்கியிருக்கலாம். எரிந்து அணைந்தாலும், நான் பார்த்த மாதிரி ரெசிஸ்டர் இருக்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஸ்டீயரிங் கவரையும் சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் கனெக்டர்களையும் தெரிந்த மெக்கானிக் ஒருவரை வைத்துத் திறந்து பாருங்கள். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம்.