திருமலை (திருகோணமலை) யுத்தகால ஓட்டோ டூர், 5க்கு 4 குடுக்கலாம்

உப்புவெளிப் பக்கம் ஒரு அண்ணா தன்ட ஓட்டோவில ரெண்டாம் உலகப்போர் இடங்களைச் சுத்திக் காட்டுறார், அரைநாள். வீட்டுக்காரரோட போனனாங்கள். ஓட்டோ துப்புரவு, அவசரப்படுத்தவே இல்ல.

முதல்ல நிலாவெளி ரோட்டில இருக்கிற யுத்த மயானம், கல்லுகளில பேர், வயசு எல்லாம் வெட்டி வடிவாப் பராமரிக்கினம். பிறகு துறைமுகம். 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்ட சகாயிங் பயணிகள் கப்பல் இஞ்சதான் எரிஞ்சது, 2018லதான் நேவி அதை மேல எடுத்தது. ஆனா தூரத்தில நிண்டு கை காட்டுறதோட சரி, அந்த இடம் சப்பெண்டு போச்சு.

கோணேசர் மலைக்குப் போனாப் பிறகுதான் டூரே. ஓட்டோ சீற்றுக்குக் கீழ இருந்து உறை போட்ட பள்ளிக்கூட அட்லஸ் ஒண்டை எடுத்தார், பம்பாய்க்கும் மொம்பாசாவுக்கும் நடுவில பென்சிலால ஒரு புள்ளி. திலாவா கப்பல். 1942 நவம்பர், 958 பேர், முக்கால்வாசிக்கு மேல சாதாரணப் பயணிகள், குடும்பம் குடும்பமா ஆபிரிக்காவுக்குப் போன இந்தியச் சனம். 23ஆம் திகதி ஜப்பான் நீர்மூழ்கி அடிச்ச முதல் டோர்பிடோவில கப்பல் தாழேல்ல, சனம் படகுகளுக்கு அடிபட்டுக்கொண்டிருக்க கொஞ்ச நேரத்தால ரெண்டாவதையும் அடிச்சிருக்கிறாங்கள், அதோட முடிஞ்சுது. 280 பேர் செத்துப்போச்சினம். மிச்ச ஆக்கள் ரெண்டு நாள் கடலில கிடந்து, பர்மிங்ஹாம் எண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்துதான் தப்பின 678 பேரில பெரும்பாலான ஆக்களைத் தூக்கினது. அந்தக் கப்பல்ல இருந்த 2,300க்கு மேற்பட்ட வெள்ளிக் கட்டியளை 2017ல கடலடியில போய் எடுத்துப்போட்டு, அது ஆருக்குச் சொந்தம் எண்டு லண்டன் கோட்டில வழக்கு வேற! வெள்ளிக்கு இவ்வளவு கணக்குப் பாத்தவங்கள், டிக்கட் எடுத்துப் போய் செத்த சனத்தை எத்தினை வருசமா ஆர் கேட்டது? எனக்கு வயிறு எரிஞ்சுது.

பட்டாளத்து ஆக்களின்ட மயானத்தோட நிப்பாட்டாமல் இந்தச் சனத்தின்ட கதையையும் சேத்துச் சொல்லுறாரே, அதுக்காகவே போகலாம்.

ஒரு ஸ்டார் குறைச்சது, கையில தாற விளக்கத் தாள் இங்கிலீசில மட்டும். திருமலையில ஓடுற டூருக்குத் தமிழ்த் தாள் இல்லாட்டி எப்பிடி, அம்மாவுக்கு நான்தான் வாசிச்சுச் சொல்ல வேண்டிக் கிடந்தது. கட்டாயம் போடுங்கோ அண்ணா.

காலமையே வெளிக்கிடுங்கோ, மயானத்தில வெய்யில் பொல்லாதது. நேரமில்லை எண்டா துறைமுகத்தை விட்டாலும் பரவாயில்லை, திலாவா கதையைக் கேக்காமல் வராதேங்கோ.