பிரிக்ஃபீல்ட்ஸில் நம்பி டை அடிக்க ஒரு சலூன்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய சந்தில், மாடிப்படி ஏறிப் போக வேண்டிய சின்ன சலூன். நரைக்கு டை அடிப்பவர்கள் தாராளமாகப் போகலாம். பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன், அதனால் எந்தக் கடையிலும் என் கண் முதலில் கலவைக் கிண்ணத்துக்குத்தான் போகும்.

முதல் தடவை கடைக்கார அக்கா டை அடிக்கவே இல்லை. “டீச்சர், இன்னைக்குக் காதுக்குப் பின்னாடி கொஞ்சம் தடவி விடுறேன். ரெண்டு நாள் கழிச்சு வாங்க, அரிப்பு இல்லைன்னா அடிச்சிடலாம்” என்றார். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கருப்பு டைகள் பலவற்றில் இருக்கும் பாரா-ஃபெனிலீன்டையமின் என்ற சாயப்பொருள் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும். போன வருஷம் ஒத்துக்கொண்டது இந்த வருஷம் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். வேறொரு கடையில் ‘கருப்பு மருதாணி’ என்று பாக்கெட்டைக்கூடக் காட்டாமல் பூச வந்தார்கள். வெறும் மருதாணி செம்பட்டையாகத்தான் பிடிக்கும். அரை மணியில் கன்னங்கரேல் என்று ஆனால் உள்ளே வேறு ஏதோ கலந்திருக்கிறது.

இங்கே நாம் உட்கார்ந்த பிறகுதான், நம் கண் முன்னால், பிளாஸ்டிக் கிண்ணத்தில் கலக்குகிறார். உலோகம் பட்டால், நிறத்தை வரவழைக்க டையோடு சேர்க்கும் பெராக்சைடு வீணாகச் சிதையும். வெளுத்த கிரீம் ஓரத்திலிருந்து பழுப்பாகி மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டே வரும். எனக்கு அதைப் பார்க்க அலுப்பதே இல்லை. தலையில் நடப்பதும் அதேதான். அம்மோனியா முடியை உப்பவைத்து மேல் செதில்களைத் தளர்த்தும். நிறமில்லாத சின்ன மூலக்கூறுகள் உள்ளே போகும். பெராக்சைடு அவற்றை ஆக்சிஜனேற்றம் செய்ததும், டையிலேயே இருக்கும் ரெசார்சினால் போன்ற துணைப் பொருள்களோடு இணைந்து பெரிய சாய மூலக்கூறுகளாகி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஷாம்பு போட்டாலும் லேசில் போகாததற்குக் காரணம் இதுதான். இதற்கு நேரம் வேண்டும். நாம் அவசரப்படுத்தினாலும் அக்கா 35 நிமிஷத்துக்கு முன் கழுவ விடுவதில்லை.

அப்புறம், வேரில் மட்டும்தான் பூசுகிறார். கம்பளியைப் போலவே தலைமுடியும் கெரட்டின் என்ற புரதம்தான். அதற்கு உறுதி தரும் கந்தகப் பிணைப்புகளில் கொஞ்சம் ஒவ்வொரு தடவையும் பெராக்சைடில் அறுந்துபோகும். ஏற்கெனவே கருப்பான நுனியை எதற்கு மறுபடி வதைக்க வேண்டும்?

குறை என்றால் காற்றோட்டம்தான். ஒரே ஜன்னல், அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். ஜன்னலோர நாற்காலியைக் கேட்டு வாங்குங்கள். வேருக்கு மட்டும் 80 வெள்ளி (ரிங்கிட்). தீபாவளிக்கு அடிப்பதாக இருந்தால், அதற்கு முந்தின வாரமே காதோரச் சோதனைக்குப் போய்விடுங்கள்.