பெல்லெட் அடுப்புக்கு எந்த பெல்லெட் வாங்கலாம்? புதுச்சேரியில் கிடைப்பதை எரித்துப் பார்த்ததில் தெரிந்தது

மரத்தூள், தோல் மாதிரியானவற்றை அமுக்கிச் செய்த சிறு துண்டுகளான பெல்லெட்டை எரிக்கிற அடுப்பு வாங்கியவர்களும் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களும் மூட்டைக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். அடுப்பின் பெருமையை விற்கிறவரே அரை மணி நேரம் சொல்லிவிடுவார். அதில் கொட்ட எந்த பெல்லெட் நல்லது என்று கேட்டால் மட்டும் "எது போட்டாலும் எரியும்க்கா" என்று முடித்துக்கொள்வார். எரியும்தான், ஆனால் எவ்வளவு சாம்பல் விடும், அண்டாவின் அடியில் எவ்வளவு கரி பிடிக்கும், பாதிச் சமையலில் தணல் அடங்குமா, புகை பக்கத்து வீட்டு மாடிக்குப் போகுமா என்பதெல்லாம் அடுப்பைவிட பெல்லெட்டைப் பொறுத்த விஷயம்.

நாங்கள் முத்தியால்பேட்டையில் வீட்டிலிருந்தே மதியச் சாப்பாடு செய்து கேரியரில் அனுப்புகிறோம். சோறு, சாம்பார், ரசம் எல்லாம் அண்டாக் கணக்கு என்பதால் அதற்கு ஃபேன் வைத்த பெல்லெட் அடுப்பு, தாளிப்பும் பொரியலும் காஸில். சிறு தீயில் வைக்க வேண்டிய எதற்கும் பெல்லெட் சரிவராது, ஃபேனைக் குறைத்தால் தீ குறைவதற்குள் பால் பொங்கி வழிந்துவிடும். கொதிக்க வைக்கிற வேலைக்கு அருமையான சாமான்.

இங்கே சுற்று வட்டாரத்தில் கிடைப்பது பெரும்பாலும் நான்கு வகை. மரத்தூள் பெல்லெட், மல்லாட்டைத் தோல் (வேர்க்கடலைத் தோல்) பெல்லெட், உமி கலந்தது, அப்புறம் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாத கலவை. எனக்குச் சொன்ன விலை கிலோ 10 ரூபாயிலிருந்து 16 ரூபாய் வரை, மரத்தூள்தான் எப்போதும் மேல் விலை. அந்த மேல் விலையைக் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். காரணம் சூடு இல்லை, சாம்பல்.

விற்கிறவர்கள் எல்லோரும் சூட்டைச் சொல்லித்தான் விற்கிறார்கள். "இதில் கலோரி அதிகம், அதில் கம்மி" என்பார்கள். காய்ந்த மரம் எதுவானாலும் கிலோவுக்குக் கிட்டத்தட்ட ஒரே சூடுதான், 4,000 கிலோகலோரியை ஒட்டி வரும், ஈரம் இன்னும் குறைவாக இருந்தால் கொஞ்சம் ஏறும். ஒரு வியாபாரி என்னிடம் 5,500 என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். வெறும் மரத்தூளில் அது வராது. உண்மையிலேயே வந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற இடங்களில் கொட்டை ஓடு குவிந்து கிடக்கும், அதில் எண்ணெய் இருப்பதால் சூடு நன்றாக ஏறும். ஆனால் அந்த எண்ணெய் கையில் பட்டாலே தோல் புண்ணாகிவிடும், புகையோ கண்ணையும் தொண்டையையும் பிடுங்கும். பாய்லர் வைத்து உயரமான புகைபோக்கி கட்டியிருக்கிற ஆலைக்கு அது ஓடும், வீட்டுச் சமையலறைக்கு வேண்டவே வேண்டாம். கலவை பெல்லெட் மூட்டை ஒன்றைப் பிரித்தபோது காரமான ஒரு நெடி வந்தது, பற்ற வைத்ததும் கண் எரிந்தது, பாத்திரத்தில் பிசுபிசுவென்று கரி. அதைத் திருப்பிக் கொடுக்கப் போனால் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார். பெயர் எழுதவில்லை, நெடியை வைத்தே நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.

சவுக்கு விஷயமும் இப்படித்தான். நம் ஊர்ப் பக்கம் கடற்கரை மணலில் எங்கு பார்த்தாலும் சவுக்குத் தோப்பு, விறகு என்றால் சவுக்குதான் என்று நாம் எல்லோரும் வளர்ந்திருக்கிறோம். அதனால் "நூறு சதவீதம் சவுக்கு" என்று எழுதினால் இரண்டு ரூபாய் கூட்டி விற்கலாம். சவுக்குக் கட்டை நின்று எரிவதற்குக் காரணம் அந்த மரம் கனமானது, ஒரே அளவு கட்டையில் அதிக எடை இருக்கிறது. பெல்லெட்டில் எல்லா மரத்தையும் தூளாக்கி ஒரே அழுத்தத்தில் அமுக்கிவிடுகிறார்கள், நாம் வாங்குவதும் எடைக் கணக்கில். அங்கே சவுக்கு, வேம்பு, தேவதாரு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான், பிசின் உள்ள தேவதாரு கிலோவுக்கு ஒரு துளி அதிகம்கூடத் தரும். எனவே பெயருக்காக மட்டும் இரண்டு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். பட்டையோடு அரைத்ததா, பட்டை நீக்கி அரைத்ததா என்று கேளுங்கள். சாம்பல் பட்டையில்தான் அதிகம்.

சாம்பலுக்கு வருகிறேன். பட்டை நீக்கிய மரத்தில் சாம்பல் ஒரு சதவீதத்துக்கும் கீழே. மல்லாட்டைத் தோலில் நான்கு, ஐந்து என்று போகும். உமியில் 15 முதல் 20 சதவீதம் வரை, அதில் பெரும்பங்கு மணலில் இருக்கிற அதே சிலிக்கா. இது வெறும் அள்ளிக் கொட்டுகிற வேலை மட்டும் இல்லை. பெல்லெட் அடுப்பில் கீழே சல்லடைத் தட்டு வழியாகக் கொஞ்சம் காற்று, மேலே வளையத் துளைகள் வழியாகக் கொஞ்சம் காற்று போகிறது. கீழ்க் காற்று மரத்தைப் புகையாக்குகிறது, மேல் காற்று அந்தப் புகையை எரிக்கிறது, தீ நீலமும் மஞ்சளுமாகச் சுழல்வது அதனால்தான். சாம்பல் தட்டை அடைத்தால் இந்த இரண்டும் கெட்டுப்போகும். புல், வைக்கோல், தோல் வகைகளில் பொட்டாசியமும் அதிகம், சிலிக்காவோடு சேர்ந்து அது குறைந்த சூட்டிலேயே உருகும், ஆறியதும் கண்ணாடி மாதிரிக் கட்டியாகத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். மல்லாட்டைத் தோல் பெல்லெட்டில் முதல் அண்டா நன்றாகக் கொதிக்கிறது, இரண்டாவது அண்டாவில் தீ தளர்கிறது, மூன்றாவதற்கு முன்னால் அணைத்துக் கிளறித்தான் ஆக வேண்டும். ஒரு வேளை ஒரு பாத்திரம் மட்டும் வைக்கிற வீட்டுக்கு இது ஒரு குறையே இல்லை, விலையும் சல்லிசு, தாராளமாக வாங்கலாம். எங்களைப் போல் விடாமல் எரிக்கிறவர்களுக்கு ஒத்துவராது. உமி கலந்ததை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

என் தங்கை ஃபிரான்ஸில் இருக்கிறாள், நம் ஊரில் பல குடும்பங்களுக்கு அங்கே ஒரு சொந்தம் உண்டல்லவா. அவள் வீட்டில் குளிர்காலம் முழுக்க வீட்டைச் சூடாக்குவது பெல்லெட் அடுப்புதான். மேலே ஒரு தொட்டியில் கொட்டிவிட்டால் ஒரு திருகு மெல்ல மெல்லத் தீக்குள் தள்ளிவிடுகிறது, மின்சாரத்தில் தானே பற்றிக்கொள்கிறது. அங்கே 15 கிலோ பையாக விற்கிறார்கள், பையின் மேலேயே இஎன்பிளஸ் ஏ1 அல்லது டின்பிளஸ் என்று தர முத்திரை இருக்கும். ஏ1 என்றால் ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, சாம்பல் 0.7 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, விட்டம் 6 அல்லது 8 மில்லிமீட்டர், கிலோவுக்குக் குறைந்தது 4.6 யூனிட் (கிலோவாட் மணி) சூடு. நம் கணக்கில் அது 4,000 கிலோகலோரிக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். அவ்வளவு குளிரில் அதை நம்பி வாழ்கிறவர்களே சூட்டில் அதற்கு மேல் கேட்கவில்லை, சாம்பலிலும் ஈரத்திலும்தான் கறாராக இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் நான் என்ன கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. குளோரினுக்குக்கூட ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள், உப்புத் தண்ணீரில் ஊறிய மரத்தை எரித்தால் இரும்பு அரித்துப்போகும் என்பதற்காக. கடலோரத்தில் இருக்கிற நாம் இதைக் கவனிக்க வேண்டும். உடைந்த படகு மரம், பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டு எதுவும் தூளில் கலக்கவே கூடாது, பிளைவுட்டில் இருக்கிற பசை எரிந்தால் வருகிற புகையைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் விட முடியாது.

முத்திரை இல்லாத ஊரில் நாமே பார்த்துத்தான் வாங்க வேண்டும். கையில் எடுத்தால் மேல்புறம் வழுவழுப்பாக, லேசாகப் பளபளப்பாக இருக்க வேண்டும். குறுக்கே வெடிப்பு வெடிப்பாக இருந்தால் சரியாக அமுக்கவில்லை அல்லது தூள் ஈரமாக இருந்திருக்கிறது. ஒடித்தால் டக்கென்று சத்தத்தோடு ஒடிய வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு மூன்றைப் போடுங்கள், நல்ல பெல்லெட் அடியில் போய் உட்காரும், கொஞ்ச நேரத்தில் ஊதிப்போய்த் தூளாகக் கரையும். மிதந்தால் அமுக்கம் போதவில்லை. நெடுநேரம் ஆகியும் கரையாமல் கட்டியாகவே கிடந்தால் ஏதோ பசை போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள், ஏனென்றால் மரத்திலேயே இருக்கிற லிக்னின் அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் இளகி ஒட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து பசை தேவையில்லை. கரைந்த தூளை விரலில் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்றால் மண். நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், வெளிர் நிறமும் நல்லதாக இருக்கும், பழுப்பும் நல்லதாக இருக்கும்.

மூட்டையின் அடிப்பக்கத்தையும் பார்க்காமல் வாங்க வேண்டாம். தூள் ஒரு கைப்பிடி இருந்தால் பரவாயில்லை, மூட்டை தூக்கி இறக்கியதில் உதிர்வதுதான். அடியில் ஒரு சாண் தூள் நின்றால் நீங்கள் பெல்லெட் விலையில் மரத்தூள் வாங்குகிறீர்கள், அந்தத் தூள் காற்று போகிற இடைவெளியை அடைத்துப் புகையைக் கிளப்பும். சலித்துப் போடலாம், ஆனால் அதற்கும் சேர்த்துத்தானே காசு கொடுக்கிறோம்.

அப்புறம் மழை. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்றே ஈரம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். விறகு நனைந்தால் காயவைத்து எரிக்கலாம். பெல்லெட் நனைந்தால் ஊதி உடைந்து தூளாகிவிடும், அதைத் திரும்ப பெல்லெட்டாக்க முடியாது. சாக்கு மூட்டையில் வருவதை அப்படியே வைக்காதீர்கள், மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, டிரம்மைக் கட்டை மேல் ஏற்றி வையுங்கள். அதே சமயம் ஒன்றையும் மறக்கக் கூடாது. பெல்லெட் மொத்தமாகக் குவிந்து கிடக்கிற, காற்றோட்டம் இல்லாத அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும், எரியாமலே. அதற்கு வாசனை கிடையாது. ஐரோப்பாவில் பெல்லெட் கிடங்குக்குள் போன ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ஓரிரு டிரம்முக்குப் பயப்பட வேண்டியதில்லை, மலிவாகக் கிடைக்கிறதே என்று டன் கணக்கில் இறக்கி ஜன்னல் இல்லாத அறையில் பூட்டி வைப்பதுதான் ஆபத்து. அடுப்பும் அப்படியே, நான்கு பக்கமும் அடைத்த சமையலறைக்குள் வேண்டாம், எங்களுடையது பின்கட்டுத் தாழ்வாரத்தில் இருக்கிறது. கரண்ட் போனால் ஃபேன் நின்று புகை சூழும், பேட்டரி இல்லாத அடுப்பை வாங்காதீர்கள்.

காசுக் கணக்கு கேட்பீர்கள். வணிக சிலிண்டரில் 19 கிலோ காஸ், கிலோவுக்குச் சுமார் 11,000 கிலோகலோரி, அதில் மூன்றில் இரண்டு பங்கு பாத்திரத்துக்குப் போகிறது. ஃபேன் வைத்த பெல்லெட் அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்பது குறைந்தது 35 சதவீதம்தான், நல்ல அடுப்பு 40 வரை தரும். இதைப் பெருக்கி வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு ஈடு ஏறக்குறைய 90 கிலோ பெல்லெட். சிலிண்டர் விலை மாதாமாதம் மாறுகிறது, அதனால் அன்றைய விலையை எடுத்து 90ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், வருகிற தொகைக்குக் கீழே பெல்லெட் கிடைத்தால் லாபம். அதே 90 கிலோவில் நல்ல மரத்தூள் ஒரு கிலோவுக்குள் சாம்பல் விடும், உமி 13 முதல் 18 கிலோ வரை. அதை அள்ளுகிற ஆளின் நேரத்தையும் கூட்டினால் உமியின் மலிவு நிற்காது.

நான் இப்போது வாங்குவது ஒரு மரவாடியை ஒட்டி இயங்குகிற சிறு பட்டறையிலிருந்து, 8 மில்லிமீட்டர் மரத்தூள் பெல்லெட். இழைப்புத் தூளும் பெட்டி மரத் தூளும் கலந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறார்கள். இறக்குமதிப் பெட்டி மரம் என்றால் பலகையில் எச்டி என்று முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன், அது சூடுபடுத்திப் பதப்படுத்தியது, எம்பி என்றால் மெத்தில் புரோமைடு மருந்து அடித்தது. அவர்களே எம்பி பலகையைத் தனியாக ஒதுக்கிக் காட்டினார்கள், அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. சாம்பல் வெளிர் சாம்பல் நிறத்தில், ஊதினால் பறக்கிற மாதிரி இருக்கிறது, சமையல் முடிந்து தட்டைத் தட்டினால் கட்டி எதுவும் விழுவதில்லை. குறை என்றால் இரண்டு. மழைக் காலத்தில் தூள் காயாததால் சரக்கு தாமதமாகிறது, கேட்ட நாளில் கிடைக்காது. நீளம் ஒரே சீராக இல்லை, விரல் நீளத்துக்கு வருகிற துண்டுகளை ஒடித்துப் போட வேண்டியிருக்கிறது. திருகு வைத்த அடுப்பாக இருந்தால் 40 மில்லிமீட்டருக்கு மேல் நீளமானது சிக்கிக்கொள்ளும், அப்படி அடுப்பு வைத்திருக்கிறவர்கள் இந்தப் பட்டறைச் சரக்கை யோசித்து வாங்குங்கள். மற்றவர்கள் முதலில் ஐந்து கிலோ மட்டும் கேட்டு வாங்குங்கள், ஐந்து கிலோ தர மாட்டேன், டன்னாகத்தான் தருவேன் என்கிற இடத்தில் வாங்காதீர்கள்.