விலைக்குக் கீழே இருக்கும் விதி: பாலிமார்க்கெட்டின் தலைவர் சந்தைகள்

ஆட்சி ஆட்டம் காணும் நாட்டில் தலைவர் பதவியில் நீடிப்பாரா, நாட்டைவிட்டு வெளியேறுவாரா என்ற கேள்விக்குப் பெரும்பாலான செய்திகள் ‘பதற்றம் நிலவுகிறது’ என்பதோடு நின்றுவிடும்போது, பாலிமார்க்கெட் என்ற கணிப்புச் சந்தை ஓர் எண்ணைச் சொல்கிறது. ‘ஆம்’ பங்கு 12 சென்ட்டுக்கு விற்றால், அது நடக்க ஏறத்தாழ 12 விழுக்காடு வாய்ப்பு இருப்பதாகச் சந்தை கருதுகிறது என்று பொருள். நடந்தால் பங்குக்கு ஒரு டாலர் கிடைக்கும், நடக்காவிட்டால் ஒன்றும் கிடைக்காது. இந்தியாவில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்துவிட்டது. சிங்கப்பூரும் இந்தத் தளத்தை முடக்கியிருக்கிறது. ஆகவே, பணம் போடுபவனாக அல்லாமல், அயல்நாட்டு அரசியலைத் தொடர்ந்து கவனிக்கும் வாசகனாகவே இச்சேவையை மதிப்பிடுகிறேன்.

இதன் பெரிய நன்மை, எந்தக் கேள்விக்கும் ஒரு கெடுதேதி வைத்துவிடுவது. ‘வெனிசுவேலா அதிபர் மதுரோ விரைவில் வீழ்வார்’ என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கலாம். ‘ஜனவரி 31க்குள் வீழ்வாரா’ என்று கேட்டால் மழுப்ப முடியாது. ஆனால் 2026 ஜனவரி 3 அன்று அமெரிக்கப் படைகள் தலைநகர் கராகஸில் மதுரோவைப் பிடித்துக்கொண்டு போனபோது, அதற்கு முந்தைய விலை பத்து சென்ட்டுக்கும் கீழேதான் இருந்தது. புதிதாகத் தொடங்கப்பட்ட ஒரு கணக்கு மட்டும் சுமார் 32,000 டாலர் போட்டு நான்கு லட்சம் டாலருக்கும் மேல் லாபம் எடுத்தது. உள்விவரம் அறிந்தவர் எவரோ பந்தயம் கட்டினாரா என்ற கேள்வி எழுந்து, அரசு அதிகாரிகள் இத்தகைய சந்தைகளில் ஈடுபடுவதைத் தடுக்க அமெரிக்கக் காங்கிரஸில் மசோதாவும் கொண்டுவரப்பட்டது. அந்தச் சந்தேகம் உண்மையானால், இங்கே காட்டப்படும் விலையைப் பொதுமக்களின் கணிப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அதைவிட என்னை உறுத்துவது முடிவு அறிவிக்கும் முறை. 2024 ஜூலை 28 வெனிசுவேலா தேர்தலில் மதுரோ வென்றதாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. எதிர்க்கட்சியோ வாக்குச்சாவடிப் பதிவுகளை வெளியிட்டு தன் வேட்பாளர் எட்முண்டோ கொன்சாலஸே வென்றார் என்றது. சந்தையும் கொன்சாலஸ் பக்கமே தீர்ப்பளித்தது. அதே கொன்சாலஸ் செப்டம்பரில் ஸ்பெயினில் தஞ்சம் புகுந்தார். மதுரோ அடுத்த ஜனவரியில் மீண்டும் பதவியேற்றார். நேர்மையான வாக்கு எண்ணிக்கையை மதித்த தீர்ப்பு அது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், அரண்மனையில் யார் உட்காருவார் என்று தெரிந்துகொள்ள வந்த வாசகனுக்கு அந்தச் சந்தை உதவவில்லை.

முடிவு பற்றித் தகராறு வந்தால் யூமா என்ற கிரிப்டோ டோக்கன் வைத்திருப்பவர்கள் வாக்களித்து முடிவுசெய்கிறார்கள். அதே சந்தையில் பணம் போட்டிருப்பவரும் அப்படி வாக்களிக்க முடியும் என்பது, எவ்வளவு விளக்கம் சொன்னாலும் ஏற்கத்தக்கதல்ல.

நாடு நீங்குதல் பற்றிய கேள்வியில் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்ற சிக்கல் இன்னும் கூடும். இலங்கையை நினைத்துப் பாருங்கள். கோட்டாபய ராஜபக்ச 2022 ஜூலை 13 அதிகாலையில் விமானப்படை விமானத்தில் மாலத்தீவுக்குப் போனார். மறுநாள் சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து மின்னஞ்சலில் பதவி விலகினார். அவர் தஞ்சம் கேட்கவில்லை, தஞ்சம் தரவும் இல்லை, தனிப்பட்ட பயணமாகவே வந்திருக்கிறார் என்று சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சு சொன்னது. பின்னர் தாய்லாந்து சென்றவர், செப்டம்பர் தொடக்கத்தில் கொழும்பு திரும்பிவிட்டார். ‘புகலிடம் தேடுவாரா’ என்று ஒரு சந்தை கேட்டிருந்தால் விடை ஆமா, இல்லையா? எல்லையைக் கடந்தாலே போதுமா, அடைக்கலம் முறைப்படி கிடைக்க வேண்டுமா, எத்தனை நாள் வெளியே இருக்க வேண்டும்? 2024 டிசம்பரில் மாஸ்கோவில் இறங்கிய, ஆட்சி இழந்த சிரிய அதிபர் அசாத்தைப் போன்ற ஐயமற்ற நிகழ்வுகள் அரிது.

இத்தனைக்கும் விடை விதிமுறைப் பகுதியில்தான் இருக்க வேண்டும். தளமோ அதை விலை வரைபடத்துக்குக் கீழே வைத்திருக்கிறது. கைப்பேசியில் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது பெரிய எழுத்தில் விழுக்காடுதான். அந்த இரண்டு பத்தி விதியை வரைபடத்துக்கு மேலே கொண்டுவந்தால் நான் இந்தத் தளத்தை இன்னும் அடிக்கடி திறப்பேன். அதுவரை, நான் கீழே இறங்கி விதியைப் படித்த பிறகே மேலே ஏறி விலையைப் பார்க்கிறேன்.