பேட்மேனை எங்கிருந்து தொடங்குவது?

அக்கா மகனுக்குப் பத்து வயது. பள்ளிப் பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் பேட்மேன்; கதைதான் தெரியாது. லீவுக்கு வந்தவன், "எதை மொதல்ல பாக்கணும் மாமா?" என்று கேட்டான். காமிக்ஸ், சினிமா, டிவி மூன்றையும் யோசித்துவிட்டு, 1992-இல் தொடங்கிய அனிமேஷன் தொடரைப் போட்டுவிட்டேன்.

காமிக்ஸ்தான் மூலம், அதில் தகராறு இல்லை. பாப் கேனும் பில் ஃபிங்கரும் உருவாக்கி, 1939-இல் டிடெக்டிவ் காமிக்ஸ் 27-ஆம் இதழில் வந்தது. (ஃபிங்கரின் பெயரை முறையாகப் போட 2015 வரை ஆனது தனி வயிற்றெரிச்சல்.) சினிமாவில் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனின் மூன்று பேட்மேன் படங்களும் எனக்கு உயிர். ஆனால் அதில் 2008 படத்தின் வில்லன் ஜோக்கரைப் பத்து வயதுப் பையனுக்குக் காட்டிவிட்டு அக்காவிடம் யார் திட்டு வாங்குவது? ஆடம் வெஸ்ட் நடித்த 1966 டிவி தொடரில், குத்து விழும்போதெல்லாம் சத்தத்தைத் திரையில் எழுதிக் காட்டுவார்கள். நன்றாகச் சிரிக்கலாம்.

என் முடிவுக்குக் காரணம் ஒரே ஒரு வில்லன், மிஸ்டர் ஃப்ரீஸ். 1959 காமிக்ஸில் அறிமுகமானபோது மிஸ்டர் ஜீரோ என்று பெயர். பனித் துப்பாக்கியோடு கொள்ளையடிக்க வருகிற ஆசாமி, அவ்வளவுதான். ஃப்ரீஸ் என்ற பெயர் 1966 தொடரில் வந்தது. அதில் மூன்று நடிகர்கள் மாறி மாறி நடித்தும் ஆள் மனதில் நிற்கவில்லை.

அப்புறம் 1992-இல், நான் போட்டுவிட்ட அனிமேஷன் தொடரில் 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' எபிசோட். பால் டினி எழுத்து, புரூஸ் டிம் இயக்கம், அரை மணி நேரம்கூடக் கிடையாது. நோயில் கிடக்கும் மனைவி நோராவை உறைய வைத்துவிட்டு மருந்து தேடுகிறார் ஒரு விஞ்ஞானி. வீண்செலவு என்று கம்பெனி முதலாளி ஆட்களோடு வந்து நிறுத்த, தள்ளுமுள்ளில் ரசாயனத்தில் விழுந்து, குளிரில் மட்டுமே உயிர் தரிக்கும் உடம்பாகிவிடுகிறது அவருக்கு. பழிவாங்கக் கிளம்புகிறார். பேட்மேனுக்கோ அன்று ஜலதோஷம்! வீட்டுப் பணியாளர் ஆல்ஃப்ரெட் கொடுத்தனுப்பிய சூடான கோழி சூப்பை ஃப்ளாஸ்க்கோடு ஃப்ரீஸின் கண்ணாடிக் கவசத்தில் அடித்துத்தான் ஜெயிக்கிறார். ஜெயித்த கையோடு, முதலாளி செய்த அட்டூழியத்தின் வீடியோவையும் நிருபரிடம் கொடுத்துவிடுகிறார். கடைசியில் சிறையில் ஒரு நாட்டியப் பொம்மையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார் ஃப்ரீஸ்.

காமிக்ஸே பிறகு இந்தக் கதையை எடுத்துக்கொண்டது. ஜோக்கரின் கூட்டாளி ஹார்லி க்வின்னும் இந்தத் தொடரில் பிறந்து காமிக்ஸுக்குப் போனவள்தான். 1997 படத்திலும் நோரா உண்டு. ஆனால் ஃப்ரீஸாக வரும் ஷ்வார்ஸ்நேகர் வாயைத் திறந்தால் ஐஸ் ஜோக், சோகம் அதில் கரைந்துபோகிறது.

"நோராவுக்கு என்ன ஆச்சு?" என்றான் பையன். காமிக்ஸில் இதற்கு ஒரே பதில் கிடையாது. 2012-இல் வந்த ஒரு கதையில், அவள் ஃப்ரீஸின் மனைவியே இல்லை, எல்லாம் அவர் மனப்பிரமை என்று மாற்றிவிட்டார்கள். அதைச் சொல்ல வாய் வரவில்லை. நான் படித்தது ஏழெட்டுத் தொகுப்புகள்தான், காமிக்ஸில் ஊறியவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். ஆனாலும் புதிதாக வருகிறவனை முதல் நாளே இந்தக் குழப்பத்தில் தள்ள வேண்டுமா?

அனிமேஷன் தொடரின் 85 எபிசோடும் இதே தரமா என்றால், இல்லை, சுமாரானவையும் உண்டு. இன்னொன்று, பட்டப்பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனில் பார்க்காதீர்கள். பின்னணி ஓவியங்களைக் கறுப்புத் தாளில் தீட்டியிருக்கிறார்கள். பேட்மேன் வாழும் காதம் நகரம் தெரியாது, உங்கள் முகம்தான் தெரியும்.