கோரக் காட்சிகளைச் சரிபார்ப்பவர்களுக்கு டார்ட் மையத்தின் கையேடு

போர், விபத்து, தாக்குதல் என்று வந்து குவியும் வீடியோக்களைச் சரிபார்க்கும் செய்தியாளர்களுக்காக, செய்திப் பணியில் வரும் மன அதிர்ச்சியைக் கையாள உதவும் அமைப்பான டார்ட் மையம் (Dart Center) இலவசமாக வெளியிட்ட சிறு கையேடு இது. சத்தத்தை நிறுத்துங்கள், விண்டோவைச் சிறிதாக்குங்கள், படத்தில் உள்ள முகங்களை மறைத்துவிடுங்கள், எடிட் செய்யும்போது லூப்பில் ஓடவிடாதீர்கள் என்று நேரடியாக வேலைக்கு வந்துவிடுகிறது.

இதில் பொன்னான யோசனை, தேவையில்லாமல் திரும்பத் திரும்பப் பார்ப்பதைத் தவிர்ப்பது. எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைவிட எத்தனை தடவை பார்த்தார்கள் என்பதே மனத்தை அதிகம் வாட்டுகிறது என்று மனநல மருத்துவர் ஆன்டனி ஃபைன்ஸ்டீன் குழுவின் 2014 ஆய்வும் சொல்கிறது. ஆகவே முதலில் பார்ப்பவர் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும் பதிவேட்டில் மூலம், தேதி, இடத்தோடு 'கோரம்: 01:10 முதல் 01:35 வரை' என்றும் எழுதிவிட வேண்டும். அடுத்தவர் அந்தத் துண்டைத் தாண்டிப்போய்ப் இடத்தையும் நேரத்தையும் கண்டுபிடிக்க உதவும் பெயர்ப்பலகையையும் நிழல் விழும் திசையையும் நிதானமாகப் பார்க்கலாம். ஒரே வீடியோவை மூன்று டெஸ்க் (செய்திப் பிரிவு) தனித்தனியாகத் தோண்டுவதும் நிற்கும்.

சத்தத்தை நிறுத்தும் யோசனையை அப்படியே பின்பற்றினால் தடயம் போய்விடும். பேச்சுவழக்கு, சைரன் எல்லாம் ஒலியில்தான் இருக்கின்றன. வெடிப்பின் ஒளிக்கும் ஓசைக்கும் 3 விநாடி இடைவெளி என்றால் கேமரா சுமார் 1 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இதற்குக் காதே வேண்டாம். எடிட்டிங் டைம்லைனில் ஒலி அலை எகிறும் இடத்தைப் பார்த்தால் போதும். பேச்சைக் கேட்டே ஆக வேண்டுமென்றால், ஆடியோவை மட்டும் தனியாகப் பிரித்து, படமில்லாமல் கேட்கலாம்.

கையேட்டின் பெரும்பகுதி தனி ஆளை நோக்கிப் பேசுகிறது. அதுதான் குறை. இடைவேளை எடுங்கள் என்றால், அந்த நேரத்துக்கு மாற்று ஆளைப் போடுவது யார்? ஓய்வில்லாதவர் செய்யும் பிழை எல்லா டெஸ்க்கிலும் ஒரே மாதிரிதான்: வீடியோவின் ஒரே ஒரு ஃப்ரேமை, படத்தை வைத்து இணையத்தில் தேடும் இமேஜ் சர்ச்சில் போட்டு, எதுவும் கிடைக்காவிட்டால் 'புதுசு' என்று முடித்துவிடுவார். வெவ்வேறு இடங்களிலிருந்து நாலைந்து ஃப்ரேம்களை, இடவலம் திருப்பியும் தேடியிருந்தால் பழைய வீடியோ சிக்கியிருக்கும். அவசரத்தில் நழுவுவது இந்தப் பொறுமைதான்.

கையேட்டை நிருபருக்கு அனுப்புவதற்கு முன் ஷிப்ட் போடும் செய்தி ஆசிரியர் படிக்கட்டும். கோர வீடியோப் பணி சுழற்சி முறையில் வருகிறதா, வேண்டாம் என்று சொல்பவரின் பதவி உயர்வில் அது கைவைக்காமல் இருக்குமா என்ற இரண்டுக்கும் அவர்தான் பதில் சொல்ல முடியும்.