கிரைண்டரைக் கொண்டுபோவதா, அங்கே வாங்குவதா?

வீட்டுக்காரருக்கு அமெரிக்காவின் மவுன்டன் ஹோம் விமானத் தளத்துக்கு மாற்றல். நம் சிங்கப்பூர் ஆகாயப்படையின் எஃப்-15 போர் விமானங்கள் பயிற்சி எடுக்கும் இடம். இதே மாதிரி கிளம்பும் தோழிகள் எல்லாரும் கேட்பது கிரைண்டரைப் பற்றித்தான்.

மின்சாரம்: இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டும்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அதனால் மோட்டார் வேகமாகச் சுற்றி, மாவு சூடேறும்.

காத்திருப்பு: கப்பலில் போட்டால் வாரக்கணக்கில் இட்லி இல்லை. அங்கேயே 120 வோல்ட் கிரைண்டர் விற்கிறார்கள்.

திரும்பும்போது: அங்கே வாங்கியது இங்கே உதவாது, விற்றுவிட்டுத்தான் வரவேண்டும்.

இரண்டு வருடத்துக்கு மேல் என்றால் அங்கே வாங்குங்கள். சில மாதம்தான் என்றால் எதுவும் வேண்டாம். எங்கள் கிரைண்டரைத் துடைத்து, கல்லைத் துணியில் சுற்றி, ஈசூனில் அம்மா வீட்டில் வைத்துவிட்டேன்.